கொடிமல்லியில் அடித்த நோட்டீஸ்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அது கிடக்கட்டும், அங்கே ஒரு டி.டி.பி. கடையும் இருந்தது. நடத்தியவர் கண்ணாயிரம் என்ற தேவாங்கு. யாரிடமும் போய்ப் படிக்காமல், தானே தட்டித் தட்டிக் கம்ப்யூட்டர் கற்றவர். மேற்குச் சரிவில் ஓர் அத்திமரப் பொந்து, அதுதான் அவருக்கு வீடு, வாசல், சொந்தபந்தம் எல்லாம்.

அவரிடம் 'கொடிமல்லி' என்றொரு ஃபான்ட் இருந்தது. பேனாவைத் தூக்காமல் எழுதினாற்போல் நெளிந்து ஓடும். 'ழ'வின் வால் கீழே இறங்கி, அடுத்த வரியை ஒரு சுற்றுச் சுற்றி, மொட்டு விட்டு நிற்கும். மயிலுக்குக் கல்யாணமா, முயலுக்குக் காதுகுத்தா, கூப்பிடு கொடிமல்லியை.

ஒருநாள் சிங்கத்தின் செயலாளர் நரியார் ஒரு தாளோடு வந்தார்.

"அண்ணே, மேற்குச் சரிவு முழுக்க ஒரு நோட்டீஸ் போகணும். கொடிமல்லியில அடிச்சுடுங்க."

"நோட்டீஸுன்னா கொட்டை எழுத்துதான் சார் எடுப்பா இருக்கும். இது விசேஷத்துக்கு."

"கொட்டை எழுத்துல அடிச்சா படிச்சுத் தொலைப்பாங்கண்ணே. உங்க எழுத்துன்னா பார்த்துச் சந்தோஷப்படுவாங்க."

கண்ணாயிரம் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டார். நாள் முழுக்க அடித்தார். அடிக்கிறவர் சுழியைப் பார்ப்பார், இடைவெளியைப் பார்ப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டார். அந்தத் தொழில் அப்படி.

சரிவில் எல்லோருக்கும் நோட்டீஸ் போனது. முயலம்மா செவந்தி நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்தில் செருகினாள். தேதி பதினைந்து, இடம் ஆலமரத்தடி. கல்யாணப் பத்திரிகையில் அதற்குமேல் யார் படிக்கிறார்கள்? கண்ணாயிரத்துக்கும் ஒன்று வந்தது. தான் அடித்தது தன் வீட்டுக்கே வந்ததில் அவருக்கு ஏகப் பெருமை.

பதினைந்தாம் தேதி சரிவே பட்டுடுத்தி ஆலமரத்தடியில் கூடியது. பந்தியைக் காணோம். மேளத்தையும் காணோம். நரியார் மட்டும் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு மாப்பிள்ளை எங்கேய்யா?" என்றாள் செவந்தி.

நரியார் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஆறு. நோட்டீஸ்ல சொன்ன கெடு முடிஞ்சுது. எழுத்துமூலம் யாரும் ஆட்சேபம் குடுக்கல. நாளைக்குள்ள சரிவைக் காலி பண்ணிடுங்க. ராஜாவுக்கு விருந்தினர் மாளிகை வருது."

சாமி படத்திலிருந்து எடுத்து மடியில் வைத்து வந்த தாளைச் செவந்தி கண்ணாயிரத்திடம் நீட்டினாள். "நீங்க அடிச்சதுதானேண்ணே? இதுல என்னதான் எழுதியிருக்கு?"

கண்ணாயிரம் முதல்முறையாகப் படித்தார். காலி செய்ய வேண்டியோர் பட்டியலில் நாலாவது வரி: அத்திமரப் பொந்து, கண்ணாயிரம். அவர் பெயரின் சுழிகள் ஒன்றையொன்று பின்னிப் பூத்திருந்தன. அந்த நிலையிலும் அவருக்கு அது அழகாகத்தான் பட்டது.

மறுநாள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பியவரை நரியார் மறித்தார். "அண்ணே, போற வழியில 'அந்நியர் நுழையக் கூடாது'ன்னு ஒரு போர்டு அடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

"கொடிமல்லியிலயா சார்?"

"சேச்சே! இது எல்லாரும் படிக்க வேண்டியதுண்ணே. கொட்டை எழுத்துல போடுங்க."

நீதி: அழகான எழுத்தில் எது வந்தாலும் மஞ்சள் தடவி வைத்துக்கொள்ளுங்கள், படிப்பதற்கென்று அசிங்கமான எழுத்தில் ஒன்று பின்னால் வரும்.