ஆயுட்காலப் பியர்

சுன்னாகம்,
ஞாயிறு பின்னேரம்.

அன்பின் மச்சான் எமில்ராஜ் அறிவது,

கர்த்தரின் கிருபையால் நானும் உன் அக்கா பியாட்றிசும் சுகம். உன் சுகத்தையும் விசாரித்திருப்பேன், கோபம் முந்திக்கொண்டது.

எங்கள் ஆலய மண்டபத்தைத் திறந்துவைக்க இலண்டனிலிருந்து பெல்விக் துரையை அனுப்பினாய், நன்றி. அவர் சிபாரிசு செய்தால் எங்கள் மகள் நிஷானிக்கு அங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் என்றாய், அதற்கும் நன்றி. ஆனால் அவருடைய வாழ்க்கைக் குறிப்பென்று வாட்ஸப்பில் என்ன எழுதினாய்? "மூன்று நாடுகளில் தூதுவர். இப்போது ஆயுட்காலப் பியர். அரண்மனையே கொடுத்தது." மதுவிலக்குச் சங்கச் செயலாளரான எனக்கு அனுப்புகிற ஆளா இது?

அரண்மனையே ஒரு மனிசனுக்குச் சாகுமட்டும் பியர் குடுக்குதெண்டால் அந்த நாடு உருப்படுமோ? "வந்த ஆளை வெக்கப்படுத்தாதேங்கோ, நிஷானியை நினையுங்கோ" என்றாள் பியாட்றிஸ். நினைத்துத்தான் நெல்லிரசம் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார். ஆளுக்கு மற்றது இல்லாமல் ஏலாது எண்டு எனக்கு விளங்கிப்போச்சு. மேடையேறி, தூதுவர் உத்தியோகமெல்லாம் ஒழுங்காய் வாசிச்சு, பியரிலை வந்தவுடனை பேப்பரை மடிச்சு வைச்சிட்டு, "சபையாரே, இந்தப் பாவப்பட்ட மனிசன் பியரை விட்டொழிக்க எல்லாரும் எழும்பிச் செபியுங்கோ" எண்டிட்டன். சபை எழும்பிச்சுது. என்னத்துக்கெண்டு தெரியாமல் துரையும் எழும்பினார். போதகர் அதை அச்சொட்டாய் இங்கிலீசிலை சொல்ல, மனிசன் சிவந்துபோய், ரிபனும் வெட்டாமல் காரிலை ஏறிப் போட்டார். நிஷானி அழுதுகொண்டு அறைக்கதவைச் சாத்தினவள், இன்னும் திறக்கேல்லை. குடிகாரனைப் பிடிச்சு அனுப்பி என்ரை பிள்ளையின்ரை படிப்பைக் கெடுத்தவன் நீதான்.

ஆனாலும் உனக்கும் உன் மனைவி மேர்சிக்கும் சமாதானம் பெருகுவதாக. முதலில் மேர்சிக்கு.

இப்படிக்கு,
அத்தான் ஜெபரட்ணம்.

பி.கு.: நிஷானி கதவைத் திறந்து, இதை வாசித்து, தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, அது குடிக்கிற பியர் இல்லை, பிரபுப் பட்டம். இங்கிலீசிலை B வேறை, P வேறை; தமிழிலை ரெண்டுக்கும் ஒரே பானா!" ஆகவே மேலே ஏசினதெல்லாம் வாபஸ். அவளையும் கூட்டிக்கொண்டு, துரை தங்கிநின்ற இடத்துக்கு மன்னிப்புக் கேட்க ஓடினேன். நான் வாய் திறக்கமுன் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி ஏதோ சொன்னார். நிஷானிதான் மொழிபெயர்த்தாள்: "மூண்டு நாட்டு அரசாங்கத்துக்கும் தெரியாமல் குடிச்சவராம். யாழ்ப்பாணத்திலை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள் எண்டு கேக்கிறார்."

நான் ஒன்றும் மறுக்கவில்லை. நிஷானிக்குச் சிபாரிசு செய்கிறாராம். எங்கள் சங்கத்திலும் சேர்ந்துவிட்டார். மச்சான், பானா விஷயத்தை அவரிட்டை மூச்சும் விடாதை. சங்கம் தொடங்கின நாளிலிருந்து எங்களுக்குக் கிடைத்த முதல் குடிகாரன் அவர்தான்.