ஆற்றில் கொட்டியது இரையா, சாப்பாடா?

அன்பும் அறிவும் மிகுந்த வக்கீல் மாப்பிள்ளை அவர்களுக்கு,

அக்காள் புருஷன் எழுதுவது. இங்கே உங்கள் அக்கா சுகம்; நான் சுகமா இல்லையா என்பதை நீங்கள்தான் சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தூண்டில் உரிமம் வாங்கி, பகலெல்லாம் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை ஒரு மீன்கூட மாட்டவில்லை. அதனால் என்ன? வீட்டில் இருந்தால் "ஃபேனைத் துடைங்க, பீரோவை நகர்த்துங்க" என்று உயிர் போகும்; அந்த உரிம அட்டைதான் என் விடுதலைப் பத்திரம். டாக்டர் என் ரத்தக் கொதிப்பைப் பார்த்துப் பயமுறுத்தியதிலிருந்து உங்கள் அக்கா உப்பில்லாத ஓட்ஸும் அவித்த பீன்ஸும் டப்பாவில் கட்டித் தருகிறாள். மனுஷன் தின்ன முடியாது மாப்பிள்ளை. திருப்பிக் கொண்டுபோனால் அழுவாள். ஆகவே தினமும் அதை ஆற்றில் கவிழ்த்து, டப்பாவைக் கழுவிக்கொண்டு போய் "பிரமாதம்" என்று சொல்லிவிடுவேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளக்கவில்லை, பக்கத்தில் தூண்டில் போடும் தொப்பிக்காரர் பார்த்துவிட்டார், மீன்வளத் துறையில் சொல்லிவிட்டார், காவலர் வந்து நின்றார்.

"என்ன சார், பொது ஆத்துல இரை தூவி மீனை இழுக்கறீங்களா? தப்பு சார்."

"அப்ப முள்ளுல புழு மாட்டியிருக்கேனே, அது?"

"அது சரி. அதுக்குத்தானே உரிமம்."

"குத்தி இழுக்கறதுக்குக் கொடுத்தா சரி, சும்மா சாப்பிடக் கொடுத்தா தப்பா?"

அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கும் அது குழப்பந்தான் சார். ஆனா சட்டம் அப்படித்தான் இருக்கு."

அதிகாரியிடம் போனேன், அவர் மேலும் குழப்பினார். நான் கொட்டியது இரை என்றால் உரிமம் ரத்து. இரை இல்லை, கழிவு என்றால் சின்ன அபராதத்தோடு உரிமம் தப்பும். ஆனால் சமைத்தவரே நேரில் வந்து "ஆமாம், கழிவுதான்" என்று சொல்ல வேண்டுமாம். "தானம்னு போட்டுக்கலாமா?" என்று கேட்டேன். தானத்துக்குத் தனி அனுமதி வேண்டுமாம். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயைத் திறக்க முடியாமல் திரும்பினேன்.

திங்கட்கிழமை விசாரணை. இரையும் இல்லாமல் கழிவும் இல்லாமல் நடுவாந்தரமாக ஒரு சொல் உங்கள் சட்டத்தில் இல்லாமலா போகும்? எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. உடனே வாருங்கள், அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். நீங்கள் வாய் திறந்த வழக்கெல்லாம் ஜெயிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: வர வேண்டாம். அதிகாரி திங்கட்கிழமைவரை காத்திராமல் வீட்டுக்கே போன் போட்டுவிட்டார். உங்கள் அக்கா அன்றைய டப்பாவோடு அவர் அலுவலகத்தில் வந்து நின்றாள். "அம்மா, கழிவுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, சார் தப்பிச்சிடுவார்" என்றார் அந்த நல்ல மனிதர். "கழிவா? என் கையால சமைச்சதா?" என்று எல்லோரையும் ஆற்றங்கரைக்கு இழுத்துப்போய் டப்பாவைக் கவிழ்த்தாள். தண்ணீரே தெரியாத அளவுக்கு மீன் கூடிவிட்டது. தினமும் வயிறு முட்டத் தின்றுவிட்டு என் புழுவை எது சீண்டும்? இரைதான் என்று நிரூபணமாகி உரிமம் போயிற்று. உங்கள் அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, மீனுக்கே பிடிச்சிருக்கு!" என்கிறாள். நாளை முதல் மதியச் சாப்பாட்டையும் எதிரில் உட்கார்ந்து, அவளே பரிமாறப் போகிறாளாம்.