மீன் லோரியில் வந்த வசந்தம்

காலையில் குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்றிக் கும்பிடாமல் நான் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இவ்வளவு பக்தி உள்ளவன் எவ்வளவு கேவலமாக நடந்துகொள்ள முடியும் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது நான் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு கிள்ளானில். அம்மா அப்பா இல்லை. தங்கை கவிதாவுக்கு நானும் என் மனைவி செல்வியும்தான் தாய் தகப்பன். அவளுக்கு நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை தினேஷ், தங்கமான பையன். அவன் அப்பா பெருமாள் மாமா சுங்கை வே பாசாரில் முப்பது வருஷமாக மீன் விற்கிறவர்.

இந்த மீன் விஷயம்தான் எனக்கு உறுத்தியது. (சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன் நான். ஆனால் விற்கிறவர் சம்பந்தி என்றதும் திடீரென்று ஆசாரம் வந்துவிட்டது.) பத்திரிகை வைக்கப் போன அன்று, தாம்பாளத்தை நீட்டிக்கொண்டே சொன்னேன்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. கோயில் மண்டபம். சுத்தபத்தமா இருக்கணும். ஒரு மூணு நாள் முன்னாடியே கடைய மூடிட்டீங்கன்னா நல்லாருக்கும்."

அவர் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு, "சரி தம்பி. சாமி காரியம்," என்றார்.

செல்வி என் இடுப்பில் கிள்ளினாள். ஏன் கிள்ளினாள் என்று எனக்குப் புரியவில்லை. கல்யாணத்தை வைத்திருந்தது சீனப் பெருநாள், அதாவது சீனர்களின் புத்தாண்டு விடுமுறையில். சீனர்களின் மீன் கடைகள் எல்லாம் மூடியிருக்க, சுற்றுவட்டாரம் முழுவதும் பெருமாள் மாமா கடைக்கு வருகிற நாட்கள் அவை. வருஷத்திலேயே அவருக்கு நல்ல வியாபாரம் அந்த நாட்களில்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைத்தான் நான் தாம்பாளத்தோடு சேர்த்துக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.

இனி பூக்கதை. கவிதா கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். மணவறை முழுக்க ரோஸ் நிறம், வெள்ளை நிறம், நீண்ட நீண்ட தண்டுப் பூக்கள்.

"அண்ணே, இதுக்குப் பேரு ஸ்ப்ரிங் தீம். எனக்கு வேற எதுவும் வேணாம். இது மட்டும் செஞ்சு குடு."

நம் நாட்டில் இரண்டே காலம்தான். மழை பெய்கிற காலம், மழை வரும்போல இருக்கிற காலம். வசந்தத்துக்கு நான் எங்கே போவேன்? பிரிக்பீல்ட்ஸில் இரண்டு அலங்காரக்காரர்களைக் கேட்டேன். முதலாமவர் சொன்ன விலையில் இன்னொரு கல்யாணமே நடத்திவிடலாம். இரண்டாமவர் படத்தைப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக் பூவுல செய்யலாமா அண்ணே?" என்று இரக்கத்தோடு கேட்டார். மாலைகளுக்கு மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (என் மூளை வேலை செய்தால் செல்வி விளக்கேற்றி வேண்டிக்கொள்வாள்.) சீனர்களுக்குப் பெருநாள் என்றால் வசந்தம். மலையிலிருந்து லோரி லோரியாகப் பூ இறங்கும். பெருநாள் தொடங்கிவிட்டால் அதை வாங்க ஆளில்லை. ஆகவே பெருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் கிள்ளானில் சாலையோரப் பூக்கொட்டகைக்குப் போய் நின்றேன். நினைத்தபடியே நடந்தது. கடைக்கார ஆன்ட்டி வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்.

"எல்லாத்தையும் எடு லா, பாஸ். என் பிள்ளைங்க எல்லாம் வந்தாச்சு, சாப்பாட்டு மேசையில காத்திருக்காங்க," என்று மலாயில் சொல்லி, நான் கொடுத்ததை எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டார்.

லில்லி, வெள்ளைச் சாமந்தி, பெயர் தெரியாத ரோஸ் நிறத் தண்டுப் பூக்கள் எல்லாம் என் வேனில் ஏறின. முருகன் கண் திறந்துவிட்டான் என்று வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. இந்த வெயிலில் நாலு நாள் பூ எப்படித் தாங்கும்? வீட்டுக் குளிர்பெட்டியில் ஒரு கட்டு வைத்ததும் கதவு மூடவில்லை. அப்போது நினைவுக்கு வந்தவர் லிம். எங்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குளிரூட்டிய லோரி வைத்திருப்பவர். பெருநாள் விடுமுறையில் லோரி சும்மா நிற்கும்.

என்ன லோரி என்று நீங்கள் கேட்கலாம். செல்வியும் கேட்டாள். "குளிர் லோரி," என்றேன். நான் பொய் சொல்லவில்லை. மீன் என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டேன்.

"கழுவியாச்சு லா," என்றார் லிம். உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தேன். அந்தக் குளிரில் மூக்கே இருக்கிறதா என்று தெரியவில்லை, வாசனை எங்கே தெரியும்? இருந்தாலும் மனசு கேட்காமல் நாலு மூலையிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, திருநீறு தூவினேன். கற்பூரம் ஏற்றப் போனபோது மட்டும் லிம் கையைப் பிடித்துக்கொண்டார்.

போதாததற்கு, பூவைக் குத்தி நிறுத்துகிற பஞ்சுக் கட்டி விலை அதிகம் என்று, லோரி ஓரத்தில் அடுக்கியிருந்த வெள்ளை நுரைப் பெட்டிகளில் ஆறைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மீனுக்கு ஐஸ் போட்டு அடுக்குகிற அதே பெட்டிகள்தான். கவிழ்த்து, ஓட்டை போட்டு, தண்டுகளைச் செருகி, மேலே ஜரிகைத் துணி சுற்றினால் யாருக்குத் தெரியும்?

கல்யாணத்தன்று காலை மணவறையைப் பார்த்த கவிதா அழுதுவிட்டாள். "படத்துல உள்ளதவிட நல்லாருக்குண்ணே," என்றாள். இந்த ஒரு நிமிஷத்தை மட்டும் ஆண்டவன் எனக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டான். மீதி நாள் முழுக்க வசூல் செய்துகொண்டான்.

மண்டபத்தில் மின்விசிறிதான். குருக்கள் ஹோமம் வளர்த்தார். பெட்டிகளுக்குச் சூடு ஏறியது. முதலில் கண்டுபிடித்தது கோயில் பூனை. எங்கிருந்தோ வந்து, மணவறைக்கு எதிரே முதல் வரிசை விருந்தாளி மாதிரி உட்கார்ந்து, லில்லிப் பூவைக் கண் கொட்டாமல் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பூனையும் குட்டியோடு வந்தது.

பிறகு மனிதர்கள். முன் வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக முந்தானையை மூக்குக்குக் கொண்டு போனார்கள்.

"என்னக்கா, கவிச்சி அடிக்குது?"

"சம்பந்தி வீடு என்ன தொழில்னு தெரியாதா உனக்கு?"

"அதுக்காக? கோயிலுக்கு வரப்ப நல்லா தேய்ச்சுக் குளிச்சிட்டு வரக்கூடாதா?"

மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசினார்கள். இரண்டாவது வரிசையில் பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்திருந்த பெருமாள் மாமாவின் காதில் அது விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் யாரும் கவனிக்காத மாதிரி கையைத் தூக்கி, மீசையைத் தடவுகிறவர் போல, தன் விரல்களை மோந்து பார்த்தார். பிறகு எழுந்து பின்வாசல் பக்கம் போனார்.

செல்வி என் பக்கத்தில் வந்தாள். "ஏங்க, அந்த லோரி யாரு லோரி?"

"லிம் லோரி."

லிம் என்ன ஏற்றுவார் என்பது அவளுக்குத் தெரியும். பெட்டியின் ஜரிகைத் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

நான் மாமாவைத் தேடிப் போனேன். சமையல்கட்டுக்குப் பின்னால் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். பட்டுச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டி, பாத்திரம் கழுவுகிற சோப்பையும் எலுமிச்சைத் தோலையும் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் சிவந்திருந்தது.

"தம்பி, நீங்க சொன்னீங்கன்னு மூணு நாளா கடையத் தெறக்கல. மீனக் கையால தொடல. காலையில மூணு தடவ குளிச்சேன். முப்பது வருஷத்து வாட போவ மாட்டேங்குது," என்றார். "நா இங்கியே நிக்கிறேன். உங்களுக்கு அசிங்கம் வேணாம்."

வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய பாவம் எது என்று எமன் கேட்டால், யோசிக்காமல் அடுத்து வருவதைச் சொல்வேன். அவர் கையில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். வாடை எங்கிருந்து வருகிறது என்று அந்தக் கோயிலிலேயே தெரிந்த இரண்டு பேரில் நான் ஒருவன். அப்படியிருந்தும் என் வாய் சொன்னது இதுதான்:

"பரவால்ல மாமா. கொஞ்ச நேரம் காத்து வாங்கிட்டு வாங்க."

சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறோடு வந்தேன்.

உள்ளே பாத பூஜைக்குக் குருக்கள் அழைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தன் தாய் தகப்பன் காலைக் கழுவிப் பூ வைக்க வேண்டும். இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் மாமாவின் மனைவி உட்கார்ந்திருந்தார். இன்னொன்று காலி.

"மாப்பிள்ளையோட தகப்பனாரைக் கூப்பிடுங்கோ. நேரம் ஆறது," என்றார் குருக்கள்.

யாரும் வரவில்லை. செம்பும் கையுமாக நின்ற தினேஷ் என்னைப் பார்த்தான்.

"மச்சான், எங்கப்பாவ யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல மாப்பிள்ள, அவரு சும்மா…"

"என்ன வாடன்னு எனக்கும் தெரியுது. எங்கப்பா வராம நான் தாலி கட்ட மாட்டேன்." சத்தம் போடாமல் சொல்லிவிட்டுச் செம்பைக் கீழே வைத்தான். கவிதா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அம்மா இருந்தாள், அப்பா இருந்தார்.

நாதஸ்வரக்காரர் பக்கத்தில் இருந்த மைக்கை எடுத்தேன்.

"எல்லாரும் மன்னிக்கணும். வாட மாப்பிள்ள வீட்டுலேருந்து வரல. நான் வச்ச பூவுலேருந்து வருது. மலிவுக்கு வாங்கி, மீன் லோரியில நாலு நாள் வச்சிருந்தேன். பூவக் குத்தி வச்சிருக்கிறது மீன் பெட்டி. மாமா மூணு நாளா மீனே தொடல. தொட்டவன் நான்தான்."

பின்வாசலில் ஈரக்கையோடு பெருமாள் மாமா நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மெதுவாக நடந்து மேடைக்கு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் குனிந்து, ஜரிகைத் துணியை விலக்கி, பெட்டியைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை மோந்தார். இத்தனை நேரம் குனிந்திருந்த முதுகு நிமிர்ந்தது.

"கெம்போங் மீனு," என்றார். "அதுவும் ஒரு வாரப் பழசு." பிறகு முன் வரிசையைப் பார்த்துச் சொன்னார். "இந்த மாதிரி மீனு நம்ம கடையில இருக்காது. வேணும்னா நம்ம கஸ்டமருங்க யாரையாச்சும் கேட்டுப் பாருங்க."

கூட்டத்திலிருந்து ஒரு அம்மாளின் குரல் வந்தது. "ஆமா, பெருமாளண்ணன் கடை மீனு வாடையே அடிக்காது. நான் இருவது வருஷமா வாங்குறேன்."

முதலில் சிரித்தது குருக்கள்தான். பிறகு மண்டபமே சிரித்தது. நாலு பேர் பெட்டிகளைப் பூவோடு தூக்கிக்கொண்டு வெளியே ஓட, பூனைகள் ஊர்வலமாகப் பின்னால் போயின. இரண்டு வாழை மரமும் மாவிலைத் தோரணமும் மட்டும் மிஞ்சிய மணவறையில் தினேஷ் தன் அப்பாவின் காலைக் கழுவினான்.

தாலி கட்டியதும் நான் மாமா காலில் விழுந்தேன். அழுகை நிற்கவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கினார். "கல்யாண ஊட்டுல அழாதீங்க தம்பி. யாராச்சும் கேட்டா ஹோமப் புகைன்னு சொல்லிடுங்க," என்றார். அவர் மானத்தை நான் குழாயடியில் விட்டுவிட்டு வந்தேன். அவர் என் மானத்துக்கு ஒரு சாக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

கவிதா வழியனுப்பும்போது காதில் சொன்னாள்: "அண்ணே, நான் ஸ்ப்ரிங் கேட்டேன். நீ கடலக் கொண்டாந்துட்ட." எங்கள் வீட்டில் யார் எதைக் கேட்டு வேறு எது வந்தாலும் இப்போதும் இதைத்தான் சொல்கிறார்கள். என் மகன் பள்ளிப் பரீட்சை முடிவோடு வந்தபோதுகூட.

அந்த வருஷத்திலிருந்து சீனப் பெருநாள் விடுமுறை முழுக்க நான் பெருமாள் மாமா கடையில் நிற்கிறேன். கூலி கிடையாது, நானும் கேட்கவில்லை. செதில் சுரண்டி, குடல் எடுத்து, கழுவிக் கொடுப்பது என் வேலை. கூட்டம் நெரியும். புதிதாக வருகிற வாடிக்கையாளர்களிடம் மாமா என்னைக் காட்டி, "இவரு பூ அலங்காரம் செய்யிறவரு," என்பார்.

"பூக்காரருக்கு மீன் கடையில என்னண்ணே வேல?"

"அவரையே கேளுங்க ஆன்ட்டி. நல்லாச் சொல்லுவாரு."

நான் கத்தியைத் துடைத்துக்கொண்டு, தாம்பாளம் நீட்டியதிலிருந்து தொடங்கிச் சொல்வேன். லோரி, பெட்டி, பூனை எல்லாம் வரும். ஆட்கள் சிரிப்பார்கள். குழாயடிக்கு வந்ததும் நான் அவர் கை கழுவியதைச் சொல்லிவிட்டுச் சட்டென்று மைக்குக்குத் தாவிவிடுவேன். எட்டு வருஷமாக ஒவ்வொரு தடவையும் தாவிப் பார்க்கிறேன். மாமா தராசிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்:

"நடுவுல ஒன்னு விட்டுட்டீங்க தம்பி. அதையும் சொல்லிடுங்க."

சொல்லிவிடுவேன்.