நூற்று நாற்பதாம் நம்பர் எண்ணெய்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நாலு பேர் நடுவில் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். நானெல்லாம் கட்டுரை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். மனைவியின் சொந்தக்காரர்கள் இதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நானே எழுதிவிட்டால் மானம் கொஞ்சமாவது மிஞ்சும்.

புத்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்த என் மாமனார் பழைய சீமைக் கார் ஒன்று வாங்கியிருந்தார். வீட்டில் ஓட்டத் தெரிந்தவன் நான் மட்டும். என் மச்சினிக்குத் திருப்பதிச் சத்திரத்தில் கல்யாணம்.

"சூளூர்பேட்டைலேர்ந்து பையன் சாயங்கால ரயில்ல வர்றான். ரேணிகுண்டாவுல போயி நல்லபடியா இட்டாந்துடுங்க. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சா வண்டிய நீங்களே வச்சிக்கினு வாடகைக்கு ஓட்டுங்க" என்றார் மாமனார்.

சொந்தமாகக் கார்! சும்மா இருந்திருக்கலாம். (இருந்தேனா?) கியர் மாற்றும்போது கரகரவென்றது. ஆயிலை மாற்றிவிடுவோம் என்று கடைக்குப் போனேன். "தொண்ணூறா, நூத்திநாப்பதா?" என்றார் கடைக்காரர். அது என்ன எண் என்று கேட்கக் கூச்சம். பரீட்சை மார்க் மாதிரி பெரியதுதான் நல்லது என்று நூற்று நாற்பதை வாங்கினேன். எண் ஏற ஏற எண்ணெய் கெட்டி என்பது பிறகுதான் தெரிந்தது.

சத்திரத்து வாசலில், காருக்கு அடியில் படுத்து, கியர் பெட்டியின் அடித் திருகைக் கழற்றினேன். பழைய எண்ணெய் முழுக்க வடிந்தது. பிறகு ஊற்றுவதற்கான மேல் திருகில் கை வைத்தேன். அது அசையவே இல்லை. (ஊற்றுகிற வழி திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அல்லவா உள்ளதை வடிக்க வேண்டும்!)

காருக்குப் பக்கத்தில் மாமனாரும் அவர் அண்ணனும் எல்லைச் சண்டையில் இருந்தார்கள்; ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்திருந்த சமயம் அது.

"நம்ம புத்தூரு மெட்ராசுக்குத்தான் போவும்."

"கிழிச்சுது. ஆந்திராவுலயேதான் இருக்கும்."

"மாமா, அந்தச் சுத்திய கொஞ்சம்..." என்றேன் அடியிலிருந்து.

"ஊரே எங்க போவும்னு தெரியாம முழிச்சிக்கினு கீறோம், உங்களுக்குச் சுத்தி கேக்குதா மாப்ளே?"

திருகின் தலை வழுக்கி மொட்டையாகிவிட்டது. ரயில் நேரமோ நெருங்கிவிட்டது. அடித் திருகை மாட்டிவிட்டு, காருக்குள் ஏறி, கியர் ராடின் மூடியைக் கழற்றினேன். ஓட்டை இருந்தது, ஊற்றத்தான் மூக்கு வைத்த பாத்திரம் வேண்டும். சாமான் அறையில் கிடைத்தது ஒரு பித்தளைக் கெண்டி.

"ஐயோ, அது நாளைக்குத் தாரை வாக்கிறதுக்குங்க!" என்று என் மனைவி பதறினாள்.

"கழுவி வச்சிடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

வெல்லப் பாகு போல இறங்கியது எண்ணெய். மூன்றாவது கியர் விழவே இல்லை. இரண்டாவதிலேயே உறுமிக்கொண்டு போய்ப் பையனை அழைத்து வந்தேன். மாமனார் தோளில் தட்டிக்கொடுத்தார். கெண்டியைப் புளி, சாம்பல், சீயக்காய் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். தங்கம் போல மின்னியது. மூக்குக்குள் யார் விரலை விட முடியும்?

முகூர்த்தத்தில் மாமியார் கெண்டியைச் சாய்த்தார். தண்ணீர் வரவில்லை. ஒரு குலுக்குக் குலுக்கினார். கருப்பாக ஒரு கட்டி மாமனார் கையில் விழுந்து, வழுக்கி மாப்பிள்ளையின் கைக்குப் போனது. பின்னாலேயே வானவில் நிறத்தில் தண்ணீர். மேளம் நின்றுவிட்டது.

மாப்பிள்ளை கையை மோந்து பார்த்தார். நேராக என்னைப் பார்த்தார்.

"சகலை, கியர் ஆயிலா? எத்தனாம் நம்பரு?"

"நூத்திநாப்பது."

"அந்த வண்டிக்குத் தொண்ணூறு ஊத்தணுங்க" என்றார், நீட்டிய கையை மடக்காமலேயே.

சபை வெடித்துச் சிரித்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் கெண்டியை வெளியே எடுத்தால், யாராவது ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்கிறார்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள் புது மாப்பிள்ளை காரைச் சூளூர்பேட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனார். நானும் என் மனைவியும் பஸ்ஸில் புத்தூர் திரும்பினோம்.