வாசலில் நீங்கள் நட்ட மல்பெரி

மதிப்பிற்குரிய பெரியண்ணன் குவோலியாங் அவர்களுக்கு,

ஜியாஷிங்கிலிருந்து தங்கை ருயின் வணங்கி எழுதுவது. நீங்களும் அண்ணியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். எங்கள் சுகத்தைத்தான் வாசலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் போனீர்களே.

வாசலில் மல்பெரி கூடாது, கொல்லையில் வில்லோ மரம் கூடாது, வைத்தால் வீட்டில் சாவு விழும் என்பது நம் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பட்டுப்புழு வளர்த்த வீட்டில் பிறந்த உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும், வசந்த விழாப் புத்தாண்டு விருந்துக்கு வந்த நீங்கள், அரிசி மது உள்ளே போனதும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, "அதெல்லாம் கிராமத்து வீட்டுக்குச் சொன்னதும்மா, அடுக்குமாடிக்கு ஏது வாசல்" என்று எங்கள் தரைத்தளத் தோட்டத்தில் சரியாகக் கதவுக்கு எதிரே ஊன்றினீர்கள். படித்தவள் மூடநம்பிக்கை பேசக் கூடாதென்று நானும் வாயை மூடிக்கொண்டேன். குச்சியாக நின்றவரை யார் கண்ணிலும் படவில்லை. இந்த வருடம் ஜன்னலைத் தாண்டி வளர்ந்து, காய்த்தும் தொலைத்துவிட்டது. இந்த நேரம் பார்த்து என் மாமியார் எங்களோடு வசிக்க வந்தார்.

வந்தது இருட்டிய பிறகு. காலையில் கதவைத் திறந்தவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "எனக்காகவா வளக்குறே? நல்லா செழிப்பா வந்திருக்கு" என்றார். அதோடு சரி, அந்த வாசற்படியை அவர் தாண்டவில்லை. பூங்கா நடை கிடையாது, மாஜோங் ஆட்டம் கிடையாது, ரத்த அழுத்தம் பார்க்க மருத்துவமனைக்கும் வரமாட்டாராம். என் கணவர் பிங் அம்மா முன்னால் "வெட்டிடலாம்" என்கிறார், தோட்டத்தில் நின்று பழத்தை மென்றுகொண்டே "வெட்டித்தான் ஆகணுமா?" என்று என்னிடம் கேட்கிறார். உதடெல்லாம் ஊதா. இது போதாதென்று பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பட்டுப்புழு வளர்க்கச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் புழுவோடு வருகிறார்கள், பெற்றோர் இலைக்கு என் வேலி ஏறுகிறார்கள். மேல்மாடி பான், வங்கியில் அதிகாரி, கழுத்துப்பட்டையோடு ஏறி ஒரு கிளையை முறித்துவிட்டார். அந்தச் சத்தம் கேட்டபோதுதான், இந்த வீட்டில் எனக்கென்று நான் வளர்த்தது இது ஒன்றுதான் என்று தோன்றியது. அந்தக் கோபமும் உங்கள் மேல்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிங் ரம்பத்தை எடுக்கப்போகிறார். சனிக்கிழமையே வந்து வேரோடு எடுத்துக்கொண்டு போங்கள். நட்ட கையே பிடுங்கட்டும். ரம்பம் வைப்பதை என்னால் பார்க்க முடியாது.

அண்ணியின் முழங்கால் வலி தீரட்டும். உங்கள் குளத்து மீன்கள் கொழுக்கட்டும். உங்களுக்காக வேண்டிக்கொள்ள இப்போது மனமில்லை.

தங்கை,
ருயின்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மழை. மழை விட்டதும் பான் வந்து ஈர இலையைப் பையில் அடைப்பதை மாமியார் ஜன்னல் வழியே பார்த்துவிட்டார். மாமியார் உள்ளிருந்து கத்தியது பான் காதில் விழவில்லை. வாசல் வழியாகப் போக மாட்டாரே. சமையலறைக் கதவைத் திறந்து, கட்டிடத்தையே சுற்றி, செருப்போடு சேற்றில் நடந்து போய்ப் பையைப் பிடுங்கிவிட்டார். "ஈர எலையத் தின்னா புழு கழிஞ்சு செத்துரும்டா. பேங்குல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?" இப்போது மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இலையைத் துடைத்துத் துடைத்து வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுக்கிறார். நான் பயந்துகொண்டே, "அம்மா, வாசல் மரம்..." என்று இழுத்தேன்.

"எது வாசல்? நான் இப்ப வந்த கதவுதான் வாசல். இது கொல்லை. கொல்லையில மல்பெரி இருந்தா உனக்கென்ன?"

பிங் புத்தாண்டுக்கு முன்கதவில் ஒட்டிய சிவப்பு வாழ்த்துத் தாள்களை உரித்துச் சமையலறைக் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். எனவே சனிக்கிழமை வர வேண்டாம். வந்தே தீருவதானால் சமையலறைப் பக்கமாக வாருங்கள், முன்கதவைப் பூட்டியாயிற்று. வெறுங்கையோடு வாருங்கள். எங்கள் புதுக் கொல்லைக்கு இப்போது வில்லோதான் ஆகாது.