டிகிரி பாய் உறைய வைத்த பவுடர்

நான் வேலை பார்த்த மரக்காணம் உப்பளத்தில் டிகிரி பாயிடம் திட்டு வாங்காத மனிதரும் கிடையாது, பொருளும் கிடையாது. மழையைத் திட்டுவார். பெய்யாத மேகத்தையும் திட்டுவார், சும்மா வந்து நிழல் காட்டிவிட்டுப் போனதற்காக.

பாத்திகளில் நிற்கும் உப்புத் தண்ணீரின் அடர்த்தி பார்ப்பது அவர் வேலை. அதற்கான கண்ணாடிக் குழாய் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அது இருபத்தைந்து டிகிரி காட்டினால் உப்பு விளையும். அதோடு விட்டாரா? அந்தக் குழாயை ஆபீஸ் டீயில் விடுவார், என் டிபன் பாக்ஸ் ரசத்தில் விடுவார். "ஏம்பா, இது ரசமா? மூணாவது பாத்தித் தண்ணியே தேவலாம்" என்பார். என் மனைவி அவரை மன்னிக்க ஆறு மாதம் ஆனது.

அங்கே சூப்பர்வைசராக இருந்தபோதுதான் என் கால்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. வரப்பில் நடந்தால் செருப்பு கழன்றதுகூடத் தெரியாது. பாண்டிச்சேரி நரம்பு டாக்டர் விளக்கினார்: கிருமியோடு சண்டை போட வேண்டிய என் எதிர்ப்பு சக்தியே என் நரம்பின் மேலுறையை அரிக்கிறது. மாதம் ஒரு ஊசி. தவறினால் நடையே போய்விடலாம்.

இதைக் கேட்டு பாய்க்கு வந்த கோபம் எனக்கே வரவில்லை. "சம்பளம் வாங்குற வாட்ச்மேனே வீட்டை இடிக்கிறானா? என்னாடா அநியாயம் இது?" என்று என் முட்டியைப் பார்த்துக் கத்தினார்.

அந்தச் சமயத்தில்தான் என் சகலை ஒரு டப்பா பவுடரோடு திண்டிவனத்திலிருந்து வந்து இறங்கினார். குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா குறைந்ததால்தான் எல்லா வியாதியுமாம். பவுடரில் கோடி கோடியாக அது உயிரோடு இருக்கிறதாம். மூன்று மாதம் சாப்பிட்டால் நரம்பு சரியாகிவிடும், ஊசியை நிறுத்திவிடலாம் என்றார். ஊசியென்றால் நடுங்கும் என் வயிற்றில் பால் வார்த்தார். அடுத்த வாரம் ஊசிக்குப் போவதில்லை என்று முடிவு செய்து, டப்பாவை ஆபீஸ் ஜன்னலில் வைத்தேன். பாய் பார்த்துவிட்டார்.

"உள்ள உசுரோட இருக்குதா?"

"கோடிக்கணக்குல இருக்குது பாய். இனி ஊசி வேணாமாம்."

"அப்போ மொதல்ல பாலை உறைய வெக்கட்டும், பாப்போம்."

இரண்டு ஸ்பூன் பவுடரை ஒரு டம்ளர் பாலில் கலக்கி மூடி வைத்தார். மறுநாள் காலை குழாயை உள்ளே விட்டார். அது ஜாலியாக மிதந்தது. "பால் பாலாவே இருக்குது. எல்லாம் மௌத்து, ஒண்ணுகூட உசுரோட இல்ல" என்று அறிவித்தார். உடனே என் சகலைக்குப் போன் போட்டு, இந்தக் கோடி மய்யத்தையும் யார் அடக்கம் பண்ணுவது என்று சண்டைக்குப் போனார்.

ஊசி நாளன்று என்னைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றியதும் அவர்தான். இன்னொரு தடவை கலக்கிய பாலை ஒரு பாட்டிலில் எடுத்து வந்து டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் சிரித்துவிட்டார்.

"பாய், எல்லா நல்ல பாக்டீரியாவும் பாலை உறைய வெக்காதுங்க. இதை வெச்சு செத்துடுச்சுன்னு சொல்ல முடியாது. குடலுக்கும் இந்த வியாதிக்கும் என்ன சம்பந்தம்னு ஆராய்ச்சி நடக்குது. ஆனா ஊசிக்குப் பதில் இதுன்னு சொல்ற அளவுக்கு எதுவும் வரலை. பவுடர் எதுவானாலும் என்னைக் கேட்டுட்டு சாப்பிடட்டும். ஊசியை மட்டும் விடக் கூடாது."

தன் சோதனை தப்பாகிப்போன ஆத்திரம் பாய்க்கு. "எல்லாம் தெரிஞ்சு முடிக்கிறதுக்குள்ள இவன் காலு என்னாங்க ஆவுறது?" என்று டாக்டரையே அதட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "டேய், சட்டைக் கையைச் சுருட்டுடா" என்றார். சுருட்டினேன்.

அதன் பிறகு வரப்பில் சேர்ந்து போகும்போதெல்லாம் மூட்டு வலி என்று பத்தடிக்கு ஒரு தரம் நின்றுவிடுவார். எனக்கு எரிச்சல் வரும். "வெயில் ஏறுது, வாங்க பாய்" என்று நானே அதட்டியிருக்கிறேன். பாவமாக இருந்ததால் ஒருநாள் தைலம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"மூட்டு வலியா, அவருக்கா? காலையிலகூட கூனிமேடு வரைக்கும் சைக்கிள்ல போயிட்டு வந்தாரே தம்பி" என்றார் அவர் மனைவி.

தைலத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் வரப்பில் அவர் நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டபோது, நானும் பக்கத்தில் நின்று, மரத்துப்போன என் கால்களுக்கு ஓய்வு கொடுத்தேன்.