ஊசியம்மாள் பிடித்த புழு

ஆம்பூரில் கழுத்து உள்ள யாரும் ஊசியம்மாளிடம் தப்பியதில்லை.

ஆஸ்பத்திரி லேபில் டாக்டர் அவர். உடம்பில் கட்டி என்று யார் வந்தாலும் மெல்லிய ஊசியை விட்டு உறிஞ்சி, கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்னதென்று சொல்லுவார். அத்தோடு நின்றாரா? ஒரு கல்யாண வரவேற்பில் மேடையேறி, மொய்க் கவரைக் கொடுத்த கையோடு மாப்பிள்ளையின் தாடைக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். பெண் வீட்டார் வெலவெலத்துப் போனார்கள்.

"ஒண்ணும் இல்ல, சொத்தைப் பல்லு. தாராளமா தாலி கட்டலாம்!"

வாணியம்பாடி பஸ்ஸில் டிக்கெட் நீட்டிய கண்டக்டரின் கையில் ஒரு கட்டியைப் பார்த்துவிட்டு, மறுநாளே லேபுக்கு வரவழைத்தார். குத்திப் பார்த்ததும் ஊசியம்மாளின் முகம் வாடிவிட்டது. "ச்சே, வெறும் கொழுப்புப்பா."

"சந்தோஷப்படறதா, வெக்கப்படறதான்னே தெரில சார்" என்றார் கண்டக்டர் என்னிடம்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் மனைவி செல்விக்கு மார்பில் கட்டி வரும்வரை. திடீரென்று ஒருநாள் அவள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, எந்த டப்பாவில் எந்தப் பொடி என்று காட்ட ஆரம்பித்தாள். எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது.

லேபில் செல்வி படுத்திருந்தாள். ஊசியம்மாள் என்னைத் திரைக்கு வெளியே தள்ளினார்.

"பயமா இருக்குதாம்மா? உன் ஊட்டுக்காரர்கிட்ட உனக்குப் புடிக்காதது இன்னா? சொல்லு."

மயக்க மருந்துக்குப் பதில் இதுதான் அவர் வழக்கமாம். திரைக்கு உள்ளிருந்து என் குறட்டை, ஈரத் துண்டு, என் அக்கா என்று வரிசையாக வந்தது.

"முடிஞ்சிதும்மா, எழுந்துக்கோ."

"இருங்க மேடம், இன்னும் பாக்கி இருக்குது. வேணும்னா இன்னொரு தபா குத்திக்கோங்க."

லேப் கதவுக்கு வெளியே காத்திருந்தோம். செல்வி என் கையை விடவே இல்லை. கதவைத் திறந்துகொண்டு ஊசியம்மாள் ஓடி வந்தார்.

"புழு! புழுங்க! வாங்க, வந்து பாருங்க!"

நான் தோல் கம்பெனியில் செலக்ஷன் பார்ப்பவன். ஆட்டுத்தோலைத் தடவித் தரம் பிரிப்பது வேலை. புழு துளைத்த தோல் வந்தால் அன்றைக்கு முதலாளியிடம் பாட்டு நிச்சயம். புழு என்ற சொல்லே எனக்கு ஆகாது. மைக்ராஸ்கோப்பில் முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. அப்புறம், ஊதாப் புள்ளிகளோடு வளைந்து கிடந்த ஒரு சின்ன நூல்.

"அப்போ... கேன்சர் இல்லியா மேடம்?"

"கெட்டது ஒண்ணுமே தெரில. கொசு கொண்டாந்த யானைக்கால் புழு இது. மாத்திரைக்குக் கேக்கும். கட்டி கரையுதான்னு மட்டும் மறுபடி வந்து காட்டணும்."

செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும்தான். ஊசியம்மாள் மேசையிலிருந்து மக்கன் பேடா இனிப்பு டப்பாவை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்து, தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"புழுவுக்கு இவ்ளோ சந்தோஷமா மேடம்?" என்று கேட்டேன்.

அவர் மென்றுகொண்டே சொன்னார்: "இந்தக் கதவைத் தொறந்து நான் ஜாஸ்தி சொல்றது வேற பதில் சார். இன்னிக்கு ஓடி வந்து சொல்ல முடிஞ்சிது இல்ல?"

ஊசியம்மாளுக்குத் தினமும் ஒரு புழுவாவது கிடைக்க வேண்டும் என்றுதான் அன்றிலிருந்து நான் வேண்டிக்கொள்கிறேன்.